ஆன்டிபாடி இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. தடுப்பூசி கொடுத்த டி செல் எத்தனை வருடம் இருக்கும்?

வைகைக்கரை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவைப் பற்றிய கேள்வி, கொஞ்சம் நீளமாக இருக்கும்.

அம்மாவுக்கு 63 வயது. ருமட்டாய்டு மூட்டுவாதம் பல வருடங்களாக இருக்கிறது. மெத்தோட்ரெக்சேட் மட்டும் போதாமல் 2020 கடைசியில் ரிடுக்சிமேப் ஆரம்பித்தார்கள். பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு முறை டிரிப், அப்புறம் ஏழெட்டு மாதம் கழித்து மறுபடியும். விரல்கள் மடங்க ஆரம்பித்துவிட்டன, இப்போது தன் கையால் பூ கட்டுகிறார். அதனால் அந்த மருந்தை விட முடியாது.

2021 ஏப்ரலில் கோவிஷீல்ட் முதல் ஊசி, ஜூலையில் இரண்டாவது. 2022 ஜனவரியில் ஒமிக்ரான் வந்தபோது வீட்டில் எல்லோருக்கும் வந்தது. அம்மாவுக்கும் காய்ச்சல், இருமல். எங்களுக்குச் சரியான பிறகும் அவருக்கு மட்டும் டெஸ்ட் நெடுநாள் பாசிட்டிவாகவே வந்தது. ஆனால் ஆக்சிஜன் அளவு குறையவில்லை, மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வரவில்லை. அதே வருடம் மூன்றாவது ஊசியும் போட்டாயிற்று.

சென்ற மாதம் ஒரு தனியார் லேபில் 'முழு எதிர்ப்புச் சக்தி பரிசோதனை' என்று ஒரு பேக்கேஜ் எடுத்தோம். கொரோனா ஆன்டிபாடி கிட்டத்தட்ட பூஜ்யம். கவுண்டரில் இருந்தவர் "இவருக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லை, மூன்று ஊசியும் வேலை செய்யவில்லை" என்று அம்மா முன்னாலேயே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மா கோயிலுக்குப் போவதில்லை. பேரன் தும்மினால் வேறு அறைக்குப் போய்விடுகிறார்.

ஆன்டிபாடி தவிர டி செல் என்று ஒரு வகை வெள்ளை அணு இருக்கிறது, அது அதிக நாள் இருக்கும் என்று படித்தேன். அது உண்மையிலேயே எத்தனை நாள் இருக்கும்? 2022-ல் போட்ட ஊசியின் பலன் இன்னும் அவர் உடம்பில் இருக்க வாய்ப்பு உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொன்மலை 52

தம்பி, எனக்குத் தெரிந்தவரை இந்த ஊசிக்கெல்லாம் ஆறு மாதம்தான் கணக்கு. அதனால்தானே பூஸ்டர் போடச் சொன்னார்கள். ஆன்டிபாடி பூஜ்யம் என்றால் ஊசி தீர்ந்துபோய்விட்டது என்றுதான் அர்த்தம். மறுபடி போட்டுவிடுங்கள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது.

சிராங்கூன் சாலை

பொன்மலை ஐயா சொன்ன ஆறு மாதக் கணக்கு எதற்கு என்றால், தொற்றே வராமல் தடுக்கும் சக்திக்கு. ரத்தத்தில் சுற்றும் ஆன்டிபாடியோடு சேர்ந்து அது குறையும். வைகைக்கரை தம்பி கேட்பது வேறு கணக்கு. நான் காரைக்குடிப் பக்கம், இப்போது சிங்கப்பூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை. டி செல்லை எண்ணுவதுதான் என் பிழைப்பு. அதனால் இந்தக் கேள்வியை அப்படியே விட்டுப்போக மனம் வரவில்லை.

முதலில் அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். அந்த லேப் பார்த்தது ஆன்டிபாடியை மட்டும். ரிடுக்சிமேப் எடுப்பவருக்கு அது பூஜ்யமாக வருவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அந்த மருந்தின் வேலையே சிடி20 என்ற அடையாளம் உள்ள பி செல்களை அழிப்பதுதான். புதிதாக ஆன்டிபாடி உண்டாக்க வேண்டியவை அந்த பி செல்கள். ஊசி போட்டபோது அவையே உடம்பில் இல்லை என்றால் ஆன்டிபாடி எங்கிருந்து வரும்? டி செல்களில் மிகப் பெரும்பாலானவற்றில் சிடி20 கிடையாது. மருந்து அவற்றைத் தொடாது.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. 2021-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், இதே வகை மருந்து எடுத்துக்கொள்ளும் மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் நோயாளிகளுக்கு எம்ஆர்என்ஏ ஊசி போட்டுப் பார்த்தார்கள். ஆன்டிபாடி பலருக்கு மிகக் குறைவு, சிலருக்கு இல்லவே இல்லை. ஆனால் டி செல்கள் எல்லோருக்கும் உருவாகியிருந்தன. வைரஸ் புகுந்த செல்லைத் தேடிக் கொல்லும் சிடி8 வகை, மருந்து எடுக்காதவர்களைவிடக் கூடுதலாகவே கிளம்பியிருந்தது. அம்மாவுக்குப் போட்டது கோவிஷீல்ட், வேறு வகை ஊசி. ஆனால் சிம்பன்சி அடினோவைரஸை வைத்துச் செய்த அந்த ஊசியும் டி செல்லைக் கிளப்புவதில் நல்ல பெயர் எடுத்ததுதான்.

இப்போது எத்தனை நாள் என்ற கேள்வி.

ஊசி போட்டதும் அந்த வைரஸுக்கென்று உள்ள டி செல்கள் சில நாட்களில் பல்லாயிரம் மடங்காகப் பெருகும். இரண்டு வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகும். அப்புறம் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் செத்துப்போகும். திருவிழா முடிந்ததும் கூட்டம் கலைந்து ஊர்க்காரர்கள் மட்டும் மிஞ்சுகிற மாதிரி. மிஞ்சுகிறவைதான் நினைவு செல்கள். கூட்டம் கலைவதை அளந்துவிட்டு 'எதிர்ப்பு சரிகிறது' என்று செய்தி போட்டால் மக்கள் பயப்படத்தான் செய்வார்கள். அந்தச் சரிவு எங்கே போய் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

கலிஃபோர்னியாவில் லா ஹோயா நோய் எதிர்ப்பியல் நிறுவனம் இருக்கிறது. அலெஸாண்ட்ரோ செட்டே, ஷேன் க்ராட்டி இருவரின் குழு கொரோனா வந்து தேறிய 188 பேரிடம் ரத்தம் எடுத்து 2021 ஜனவரியில் முடிவை வெளியிட்டது. எட்டு மாதம் வரை பார்த்ததில் டி செல்களின் அரை ஆயுள் மூன்று முதல் ஐந்து மாதம். அதாவது அவ்வளவு காலத்துக்கு ஒருமுறை எண்ணிக்கை பாதியாகிறது. இதே வேகத்தில் போனால் சில வருடத்தில் ஒன்றும் மிஞ்சாது என்று பலர் கணக்குப் போட்டார்கள். ஆனால் வேகம் அப்படியே இருப்பதில்லை. எமரி பல்கலைக்கழகக் குழு அதே வருடம் தொடர்ந்து பார்த்தபோது அரை ஆயுள் 200 நாளை ஒட்டி வந்தது. நாள் ஆக ஆகச் சரிவு மட்டமாகிக்கொண்டே போகிறது.

எவ்வளவு தூரம் மட்டமாகும் என்பதற்கு நாங்கள் இங்கே எப்போதும் சொல்கிற சாட்சி சார்ஸ், அதுவும் ஒரு கொரோனா வைரஸ்தான். 2003-ல் அது சிங்கப்பூருக்கு வந்தபோது 238 பேருக்குத் தொற்று, அவர்களில் 33 பேர் இறந்தார்கள். டான் டோக் செங் மருத்துவமனையையே அதற்கென்று ஒதுக்கினார்கள். அன்று பிழைத்தவர்களில் 23 பேரை 2020-ல் கூப்பிட்டு ரத்தம் எடுத்தார்கள். டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியில் அன்டோனியோ பெர்டோலெட்டியின் குழு செய்தது. நடுவில் 17 வருடம் போயிருந்தது, சார்ஸ் வைரஸும் உலகில் எங்கும் சுற்றவில்லை. மறுபடி தொற்றி நினைவைப் புதுப்பித்திருக்க வழியே இல்லை. அப்படியிருந்தும் அந்த வைரஸின் 'என்' (N, நியூக்ளியோகேப்சிட்) என்ற உட்புறப் புரதத்தை அடையாளம் காணும் டி செல்கள் அவர்களிடம் இருந்தன. அவற்றில் சில புதிய கொரோனாவையும் அடையாளம் கண்டன. ஊரே பயந்துகிடந்த 2020 ஜூலையில் அந்தக் கட்டுரை வந்தபோது எங்கள் கூடத்தில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் படித்தோம்.

அவர்கள் நோயில் விழுந்து எழுந்தவர்கள், ஊசி போட்டுக்கொண்டவர்கள் இல்லை. அதை மறைக்கக் கூடாது. ஊசிக்கு அவ்வளவு நீண்ட சாட்சி வேண்டும் என்றால் அம்மாவின் கையைப் பாருங்கள். அவர் வயதுக்காரர்களுக்கு மேல்கையில் அம்மை குத்திய வட்டத் தழும்பு இருக்க வேண்டும். பெரியம்மையும் மூச்சு வழியாகப் பரவிய வைரஸ்தான். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் அம்மை குத்திக்கொண்டவர்களைப் பரிசோதித்து 2003-ல் எழுதினார்கள். டி செல்லின் அரை ஆயுள் 8 முதல் 15 வருடம். குத்தி 75 வருடம் ஆன முதியவர்களிடம்கூட அந்த நினைவு இருந்தது. அது உயிருள்ள வைரஸை வைத்துப் போட்ட ஊசி, அதனால் கொரோனா ஊசிக்கும் அதே 8 வருடம் என்று நான் சொல்ல மாட்டேன். டி செல் நினைவு என்பது மாதக்கணக்கில் முடிகிற சமாச்சாரம் இல்லை என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கொரோனா ஊசியைப் பொறுத்தவரை, மாடர்னா, ஃபைசர், ஜான்சன், நோவாவாக்ஸ் நான்கையும் லா ஹோயாவில் ஆறு மாதம் வரை ஒப்பிட்டார்கள். ஆன்டிபாடி ஊசிக்கு ஊசி ஏகமாக வேறுபட்டது. மற்றச் செல்களுக்கு உதவும் சிடி4 வகை டி செல்கள் ஆறு மாதத்திலும் எல்லா ஊசிக்காரர்களிடமும் இருந்தன. நம் கோவாக்சினை டெல்லியில் தேசிய நோய் எதிர்ப்பியல் நிறுவனத்தில் பார்த்தார்கள். இரண்டு ஊசி போட்டு ஆறு மாதம் வரை பெரும்பாலானோரிடம் சிடி4 இருந்தது, ஏறக்குறைய பாதிப் பேரிடம் சிடி8-ம் இருந்தது. செத்த வைரஸ் ஊசிக்கு சிடி8 வருவது கடினம் என்று நினைத்திருந்த எங்களுக்கு அது நல்ல செய்தி.

வைகைக்கரை

அக்கா, மிக்க நன்றி. அம்மாவிடம் தழும்பைக் கேட்டேன், இடது தோளுக்குக் கீழே இருக்கிறது. நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். டி செல் இருந்தது என்றால் 2022-ல் ஏன் காய்ச்சல் வந்தது? ஒமிக்ரானில் வைரஸே மாறிவிட்டது என்றார்களே, பழைய ஊசியின் டி செல்லுக்கு அது தெரியுமா? அப்புறம், இந்த டி செல்லை இங்கே மதுரையில் எங்காவது டெஸ்ட் பண்ண முடியுமா? செலவைப் பற்றிப் பரவாயில்லை.

சிராங்கூன் சாலை

தம்பி, காய்ச்சல் வந்ததற்குக் காரணம் டி செல் வேலை செய்யும் முறை. வெளியே மிதக்கிற வைரஸ் அதன் கண்ணில் படாது. வைரஸ் ஒரு செல்லுக்குள் புகுந்து, அந்தச் செல் வைரஸ் புரதத்தின் துண்டுகளைத் தன் மேற்பரப்பில் காட்டிய பிறகுதான் டி செல்லுக்குத் தெரியும். வாசலில் மறிக்கிற வேலை ஆன்டிபாடியுடையது. அதோடு, ஓய்வில் இருக்கும் நினைவு செல் மறுபடி பெருகிப் படையாவதற்குச் சில நாள் பிடிக்கும். ஒமிக்ரான் தொற்றி மூன்று நாளிலேயே அறிகுறி காட்டிவிடும். அதனால் காய்ச்சலைத் தடுக்க முடியாது. நுரையீரலுக்கு இறங்கிப் பெரிதாவதைத் தடுக்கலாம். அம்மாவுக்கு ஆக்சிஜன் குறையாததற்கு டி செல்தான் காரணம் என்று ஒருவரை வைத்து நிரூபிக்க முடியாது, ஒமிக்ரானே டெல்டாவைவிடச் சற்று மென்மையானது. ஆனால் ஆன்டிபாடி இல்லாத ஒருவர் வீட்டிலேயே தேறினார் என்றால் உடம்பில் வேறு ஏதோ சண்டை போட்டிருக்கிறது. அதில் டி செல்லுக்குப் பங்கு இருக்கும் என்று நான் நம்புகிறேன்.

ஆன்டிபாடியே உண்டாக்க முடியாமல் பிறக்கிற குழந்தைகள் உண்டு. அவர்களுக்குத் தட்டம்மை வந்தால் மற்றக் குழந்தைகள் மாதிரியே தடித்து, மற்றவர்கள் மாதிரியே இறங்கிவிடும் என்பதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே மருத்துவர்கள் கவனித்தார்கள். டி செல் குறைபாட்டோடு பிறந்த குழந்தைக்கோ அதே தட்டம்மை உயிருக்கே ஆபத்து. அம்மாவுக்குப் பயம் வரும்போது இதைச் சொல்லுங்கள்.

ஒமிக்ரான் மாறியது ஸ்பைக் புரதத்தில், அதாவது வைரஸின் மேல் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்தில், முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில். ஆன்டிபாடி பிடிக்கிற சில முக்கியமான இடங்கள் அதில் போய்விட்டன. டி செல் அப்படி இரண்டு மூன்று இடத்தை நம்பி இல்லை. ஊசி போட்ட ஒருவரின் சிடி4, சிடி8 இரண்டும் தனித்தனியே ஸ்பைக்கில் பத்துப் பதினோரு துண்டுகளை அடையாளம் காண்கின்றன என்று லா ஹோயாவில் கண்டார்கள். உங்களுக்கு எந்தத் துண்டு, எனக்கு எந்தத் துண்டு என்பது பெற்றோரிடமிருந்து வந்த எச்எல்ஏ மரபணுவைப் பொறுத்தது. ஆளுக்கு ஆள் வேறு. அதனால் ஒரு வைரஸ் மாறி மாறி எல்லோருடைய டி செல்லையும் ஒரே நேரத்தில் ஏமாற்ற முடிவதில்லை. ஒமிக்ரானுக்கு எதிராகவும் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல் டி செல் எதிர்வினை அப்படியே இருந்தது. மிகச் சிலருக்கு நிறையவே குறைந்தது என்பதும் உண்மை.

அம்மாவுக்குத் தொற்றும் வந்து போனதில் ஒரு நன்மை இருக்கிறது. கோவிஷீல்டில் ஸ்பைக் மட்டும்தான். வைரஸே வந்தபோது 'என்', 'எம்' என்று வைரஸில் இருக்கும் மற்றப் புரதங்களையும் அவர் டி செல்கள் பார்த்திருக்கும். அவை அதிகம் மாறாதவை. இன்னொன்று, கையில் போட்ட ஊசி மூக்கில் குடியிருக்கும் டி செல்களைப் பெரிதாக உண்டாக்குவதில்லை. இங்கே சிங்கப்பூரில் மூக்கிலிருந்து மாதிரி எடுத்துப் பார்த்தபோது, ஊசி போட்டும் தொற்று வந்தவர்களிடம் அவை இருந்தன. ஊசி மட்டும் போட்டவர்களிடம் கிடைக்கவில்லை. இதற்காக யாரும் தொற்றை வரவழைத்துக்கொள்ள வேண்டாம். வந்து போனதற்குக் கணக்கில் ஒரு வரவு உண்டு, அவ்வளவுதான்.

டெஸ்ட் வேண்டாம் என்பதே என் கருத்து. காரணம் சொல்கிறேன். எங்கள் வேலை எப்படி என்றால், ஹெபாரின் போட்ட பச்சை மூடிக் குழாயில் ரத்தம் வரும். சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும், காக்க வைத்தால் செல்கள் சோர்ந்துவிடும். ஃபிக்கால் என்ற திரவத்தின் மேல் ரத்தத்தை மெதுவாகப் படரவிட்டு, பிரேக் போடாமல் சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் நடுவில் மெல்லிய வெள்ளைப் படலம் நிற்கும். கை நடுங்காமல் அதை உறிஞ்சி எடுத்துக் கழுவி, 96 குழித் தட்டில் குழிக்கு இரண்டு லட்சம் செல் போடுவோம். ஸ்பைக்கின் சிறு துண்டுகளைக் கலந்து ஓர் இரவு வைப்போம். வைரஸைத் தெரிந்த செல் மட்டும் இன்டர்ஃபெரான் காமா சுரக்கும், அது நின்ற இடத்தில் ஒரு புள்ளி விழும். மறுநாள் புள்ளியை எண்ணுவோம். எலிஸ்பாட் என்று பெயர். எதுவும் சேர்க்காத ஒரு குழியும், எல்லா டி செல்லையும் உசுப்பிவிடும் ஒரு குழியும் பக்கத்திலேயே இருக்கும். அவை இரண்டும் சரியாக வந்தால்தான் மற்றதை நம்புவோம்.

இவ்வளவு பாடுபட்டு ஓர் எண் வந்த பிறகு, எத்தனை புள்ளி இருந்தால் போதும், எத்தனைக்குக் கீழே ஆபத்து என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவு ஒன்று இல்லை. பல பேரைச் சேர்த்து ஒரு குழுவை இன்னொரு குழுவோடு ஒப்பிட இந்தச் சோதனை உதவும். ஒருவருடைய ரிப்போர்ட்டில் 40 என்றோ 140 என்றோ எழுதிக் கொடுத்தால் அவர் மருத்துவர் அதை வைத்து எதையும் மாற்ற மாட்டார். ரத்தத்தில் தெரிவதும் மொத்தத்தில் ஒரு பகுதிதான். நினைவு செல்கள் நிணநீர் முடிச்சிலும் எலும்பு மஜ்ஜையிலும் நுரையீரலிலும் இருக்கின்றன. காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. அம்மாவை மறுபடி பயமுறுத்த இன்னொரு காகிதம் வேண்டாம்.

பொன்மலை 52

அம்மா, ஒன்று கேட்கிறேன். டி செல் வருடக்கணக்கில் இருக்கும் என்றால் ஃப்ளூ ஊசியை ஏன் வருடா வருடம் போடச் சொல்கிறார்கள்? என் மகன் அமெரிக்காவிலிருந்து ஒவ்வொரு செப்டம்பரும் ஞாபகப்படுத்துகிறான்.

சிராங்கூன் சாலை

ஐயா, மகன் சொல்வதைக் கேளுங்கள், போட்டுக்கொள்ளுங்கள். வழக்கமான ஃப்ளூ ஊசி செத்த வைரஸின் மேல்தோல் புரதத்தை வைத்துச் செய்தது. அது கொடுப்பது முக்கியமாக ஆன்டிபாடி. சிடி8 டி செல்லை அது அதிகம் கிளப்பாது. மேல்தோல் வருடா வருடம் மாறும், ஊசியும் கூடவே மாற வேண்டியிருக்கிறது.

ஃப்ளூவில் டி செல்லைப் பற்றிப் பழைய வேலைகள் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் ஆண்ட்ரூ மெக்மைக்கேல் 1977 முதல் 1982 வரை பார்த்து, ஃப்ளூ டி செல்லின் சக்தி இரண்டு மூன்று வருடத்தில் பாதியாகிறது என்று எழுதினார். அப்புறம் 2009-ல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது லண்டன் இம்பீரியல் கல்லூரியில் அஜித் லால்வானியின் குழு ஒரு நல்ல காரியம் செய்தது. அலை வருவதற்கு முன்பே ஊழியர்கள், மாணவர்களிடம் ரத்தம் எடுத்து வைத்துவிட்டார்கள். அந்தப் புது வைரஸுக்கு ஆன்டிபாடி இல்லாதவர்களில், வைரஸின் மாறாத உட்புறப் புரதங்களுக்கு சிடி8 செல் அதிகம் வைத்திருந்தவர்களுக்கு நோய் லேசாக வந்து போனது. 2013-ல் வெளியானது. மனிதர்களில் டி செல் சுவாச வைரஸைத் தணிக்கிறது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சாட்சி இதுதான், ஏனென்றால் நோய் வருவதற்கு முன்பே எண்ணி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

ஃப்ளூவுக்கு அரை ஆயுள் இரண்டு மூன்று வருடம், அம்மைக்கு 8 முதல் 15 வருடம் என்று ஏன் இத்தனை வேறுபாடு என்று கேட்பீர்கள். முதல் முறை எவ்வளவு பலமாக, எத்தனை நாள் உடம்பு அந்த வைரஸைப் பார்த்தது என்பதில் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. உயிருள்ள ஊசி உடம்புக்குள் பெருகும். மஞ்சள் காய்ச்சல் ஊசி அப்படிப்பட்டது. ஹைதராபாத்தில் பிறந்து எமரியில் வேலை செய்யும் ரஃபி அகமதும் அவருடைய குழுவும் அந்த ஊசி போட்டவர்களுக்குக் கன நீர் (கனமான ஹைட்ரஜன் உள்ள தண்ணீர்) குடிக்கக் கொடுத்தார்கள். பெருகுகிற செல்களின் டிஎன்ஏவில் அந்த அடையாளம் பதிந்துவிடும், பெருகாத செல்லில் அது அப்படியே நிற்கும். பார்த்தால், நினைவு டி செல்கள் ஊசி போட்ட முதல் இரண்டு வாரத்தில் பெருகியவையே. அப்புறம் வருடத்துக்கு ஒருமுறைகூடப் பிரியாமல் அமைதியாக இருந்தன, ஆனால் தேவைப்பட்டால் உடனே கிளம்பத் தயாராக. கொரோனா ஊசிகள் எந்த வரிசையில் சேரும் என்பதை வருடங்கள் போகப் போகத்தான் முழுதாகச் சொல்ல முடியும். வயதும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்தும் கொஞ்சம் குறைக்கக்கூடும், அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நெல்லைச் செவிலி

வைகைக்கரை தம்பி, நான் மூட்டுவாதப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவள். டிரிப் போடுகிற அறையில்தான் என் பகல் முழுக்கப் போகும். டி செல் பற்றி அக்கா சொல்லிவிட்டார். அம்மாவுக்குச் செய்ய வேண்டியதை நான் சொல்கிறேன்.

இனி எந்தத் தடுப்பூசி போடுவதாக இருந்தாலும் ரிடுக்சிமேப் தேதியோடு சேர்த்து யோசிக்க வேண்டும். அடுத்த டிரிப் நெருங்கும் சமயத்தில்தான் பி செல் கொஞ்சமாவது திரும்பியிருக்கும். அப்போது ஊசியைப் போட்டு, டிரிப்பைக் குறைந்தது இரண்டு வாரம் தள்ளிவைப்பது வழக்கம். ஃப்ளூ ஊசிக்கு மட்டும் இப்படிக் காத்திருக்க வேண்டாம், சீசனுக்கு முன்னால் போட்டுவிடலாம். நிமோனியா ஊசி போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். நான் பார்த்தவர்களில் பலர் அதைப் போடாமலேயே இருந்தார்கள். உயிருள்ள வைரஸ் உள்ள ஊசி எதுவும் இவருக்குக் கூடாது.

மெத்தோட்ரெக்சேட்டை ஊசி போட்ட பிறகு ஒன்றிரண்டு வாரம் நிறுத்தச் சொல்வதும் உண்டு. இங்கிலாந்தில் இரண்டு வாரம் நிறுத்திப் பார்த்ததில் ஆன்டிபாடி இரண்டு மடங்கானது. ஆனால் மூட்டு வலி கிளம்பும் வாய்ப்பு உண்டு, அதனால் மருத்துவர் சொன்னால் மட்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஐஜிஜி (ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடிகளில் முக்கிய வகை) அளவு கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று பழைய ஃபைலில் தேடுங்கள். ரிடுக்சிமேப் வருடக்கணக்கில் போகும்போது அது குறையும். கொரோனா ஆன்டிபாடி டெஸ்டைவிட அந்த எண் மருத்துவருக்கு நூறு மடங்கு உபயோகம்.

வைகைக்கரை

ஃபைலைப் பார்த்தேன், ஐஜிஜி ஒருமுறைதான் எடுத்திருக்கிறார்கள், மருந்து ஆரம்பிக்கும் முன்பு. நிமோனியா ஊசி போடவில்லை. அடுத்த டிரிப் அடுத்த மாதக் கடைசியில். இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து, இரண்டு ஊசிக்கும் தேதி கேட்கிறேன். கொரோனா ஊசி இன்னொன்று தேவையா என்பதை அவரிடமே விடுகிறேன்.

அம்மா கேட்கச் சொன்ன கேள்வி ஒன்று: கோயிலுக்குப் போகலாமா?

நெல்லைச் செவிலி

தாராளமாகப் போகட்டும். கூட்டம் நெரிகிற பிரதோஷ நேரத்தை விட்டுவிட்டுக் காலையில் போனால் நல்லது, உள்பிரகாரத்தில் மாஸ்க் போட்டுக்கொள்ளட்டும். பேரனுக்குச் சளி என்றால் அவனுக்கும் மாஸ்க், ஜன்னலைத் திறந்து வையுங்கள், அதற்காக அம்மா தனி அறைக்குப் போக வேண்டியதில்லை.

காய்ச்சல் வந்தால் மட்டும் 'பார்க்கலாம்' என்று இருக்காதீர்கள். அன்றைக்கே டெஸ்ட் எடுங்கள். பாசிட்டிவ் என்றால் ரிடுக்சிமேப் எடுப்பவர் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். வைரஸ் மாத்திரை கொடுப்பதாக இருந்தால் முதல் ஐந்து நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும். சாப்பிடுகிற எல்லா மாத்திரையின் பட்டியலையும் கையில் கொண்டுபோங்கள், சில மாத்திரைகள் அதோடு ஒத்துப்போகாது. ஆன்டிபாடி இல்லாதவர்களுக்கு வைரஸ் உடம்பை விட்டுப் போக வாரக்கணக்கில் ஆகலாம், 2022-ல் நீங்கள் பார்த்தது அதுதான். அதனால் காய்ச்சல் விட்ட பிறகும் மூச்சு வாங்குகிறதா, ஆக்சிஜன் 94-க்குக் கீழே போகிறதா என்று சில வாரம் பார்த்துக்கொண்டே இருங்கள். அந்தப் பட்டியலை இன்றைக்கே எழுதி ஃபைலின் முதல் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.